மஞ்சள் என்னும் ஒரு சொல்

நெற்பயிரின் குலை நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பெற்றது நம் தஞ்சைத் தரணியிலேதான் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ஆண்டு 1913. ஆறே ஆண்டுகளில், 1919-இல், அந்நோய் இக்கழனிகளில் கொள்ளை நோயாகப் பரவிற்று. அன்று உழவர் கையில் இருந்த ஆய்வுக்கருவி அவர்தம் கண் ஒன்றே. நூறாண்டுகள் கடந்தும் பெரும்பாலான வயல்களில் நிலைமை அதுவாகவே இருப்பது நம்மை வருத்துகின்றது.

பயிர் வெளிறினால் 'மஞ்சள் பாய்ந்துவிட்டது' என்கிறோம். தமிழாசிரியராகிய நமக்கு இச்சொல்லாட்சி இனிக்கத்தான் செய்கின்றது. ஆனால் தழைச்சத்துக் குறைந்தாலும் மஞ்சள். துங்ரோ நோய் கண்டாலும் மஞ்சள். முன்னதற்கு யூரியா இட்டால் போதும். பின்னதோ பச்சைத் தத்துப்பூச்சி சுமந்து வரும் இரு நச்சுயிரிகளின் வேலை. நோயுற்ற பயிரைத் தேற்றும் மருந்து அதற்கு இல்லை; பூச்சியை ஒடுக்குவதும் நோய்கண்ட தூர்களைப் பிடுங்கி அழிப்பதுமே வழி. அங்கே யூரியா இடுவது காசை மண்ணில் கொட்டுவதாகும். குலை நோய் கண்ட வயலில் அது இன்னும் கேடு. தழைச்சத்து மிகுந்தால் அந்நோய் பெருகும். பாக்டீரியா இலைக்கருகலுக்குப் பூசணக்கொல்லி தெளித்தும் பயனில்லை. எனினும் உரக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதே பல ஊர்களில் மருந்து. குத்தகை உழவரின் மகனாகிய மாணவர் ஒருவர், நூலின் இடையே காய்ந்த நெல்லிலை ஒன்றை வைத்துக் கொண்டுவந்து, "ஐயா, இது என்ன நோய்?" என்று நம்மை வினவினார். நம்மிடம் விடை இல்லை.

நோய்செய் உயிரின் டி.என்.ஏ.வையே இலையில் தேடிக் காணும் முறை இன்று உண்டு. கேரி முல்லிஸ் 1983-இல் கண்ட பி.சி.ஆர். முறை, ஒரு டி.என்.ஏ. துண்டைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்குவது. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்விக்கும் கருவி அதற்கு வேண்டும். ஜப்பானிய அறிஞர்கள் 2000-இல் வெளியிட்ட 'லாம்ப்' முறைக்கோ 60 முதல் 65 பாகை வரையிலான ஒரே வெப்பநிலை போதும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நிறமாற்றத்தைக் கொண்டே முடிவை அறியலாம். (துங்ரோ நச்சுயிரிகளுள் ஒன்று ஆர்.என்.ஏ. உடையது, அதனை முதலில் டி.என்.ஏ. வடிவுக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும்.)

இம்முறை குறையற்றது என்று நாம் வாதிடவில்லை. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அகப்படும், வயலின் எம்மூலையிலிருந்து இலை கிள்ளினோம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். செலவும் உண்டு. ஆனால் தவறான மருந்தை இருமுறை தெளிக்கும் செலவை யார் கணக்கிட்டனர்?

ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடைபெற்று வருகின்றது. அறிவுக்கு இங்குப் பஞ்சமில்லை. அவ்வறிவு வட்டார வேளாண் விரிவாக்க மையம் வரை இறங்கி வருதல் வேண்டும் என்பதே நம் கருத்து. மண்ணை ஆய்வுக்குக் கொடுப்பதுபோல் காலையில் இலையைக் கொடுத்து, மாலையில் முடிவைப் பெறும் நிலை வரவேண்டும். அம்முடிவுத்தாள் உழவர் வாசிக்கும் தமிழில் அமைதல் வேண்டும். எந்நோய் என்பதோடு எம்மருந்து வேண்டா என்பதையும் அது சொல்லல் வேண்டும். அதன் நடையை வகுத்துத் தர நம் தமிழ்த்துறை மாணவரால் இயலும். தாவரவியல் துறையினரும் அடுத்த கட்டடத்தில்தான் இருக்கின்றனர்.