கப்பம் கட்டாத காணொளி

இணையப் பக்கத்தில் படத்தைச் சேர்ப்பதற்கு இருப்பதைப் போலவே காணொளிக்கும் தனிக் குறிச்சொல் வேண்டும் என்று 2007-ல் ஓபரா நிறுவனம் முன்மொழிந்தது. குறிச்சொல் வந்துவிட்டது. காணொளியை எந்தக் கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்க முறையில், தருவது என்பதில்தான் சண்டை மூண்டது.

இணையப் பக்கங்களுக்கான தரநிலையான எச்டிஎம்எல்5-ன் வரைவு, உரிமத் தொகை இல்லாத ‘தியோரா’வை முதலில் பரிந்துரைத்தது. ஆப்பிளும் நோக்கியாவும் ஒப்பவில்லை. எங்கோ புதைந்திருக்கும் காப்புரிமை பிறகு வழக்காகக் கிளம்பினால் யார் பதில் சொல்வது என்பது ஆப்பிளின் வாதம். அதற்குப் போட்டியான எச்.264 கோடெக்கை எழுதிவைக்கவும் வழியில்லை. அதற்குக் காப்புரிமைதாரர்கள் பணம் கேட்பார்கள். 2009-ல் வரைவின் ஆசிரியர் இயான் ஹிக்சன் கோடெக் பகுதியையே நீக்கினார். எச்டிஎம்எல் தரநிலை இன்றுவரை எந்த வீடியோ கோடெக்கையும் கட்டாயமாக்கவில்லை.

2010-ல் ஆன்2 நிறுவனத்தை வாங்கிய கூகுள், அந்த ஆண்டு மே மாதமே அதன் விபி8 கோடெக்கைப் பொதுவில் திறந்துவிட்டது. ஆகஸ்டில், பார்வையாளரிடம் காசு வாங்காத இணையக் காணொளிகளுக்கு எச்.264 உரிமத் தொகை என்றைக்குமே கிடையாது என்று, காப்புரிமைதாரர்கள் சார்பில் அதை வசூலித்த எம்பெக் எல்ஏ அறிவித்தது. போட்டி வந்ததும் தாராளம் தானாக வந்துவிடுகிறது! குரோமிலிருந்து எச்.264-ஐ எடுத்துவிடப் போவதாக 2011-ல் கூகுள் சொன்னது; சொன்னதோடு சரி. எச்.264-ஐ ஏற்க மறுத்துக் கொள்கைப் பிடிப்போடு நின்ற மொஸில்லாவும் 2012-ல் இறங்கிவந்தது. காரணம், கைபேசி சிப்புகளில் எச்.264 ஏற்கெனவே குடியேறிவிட்டது. சிப்பின் துணையில்லாத கோடெக் பேட்டரியைக் குடித்துவிடும்.

அப்படியானால் காற்று திசை மாறியது எப்படி? திறந்த தரத்தின் மகிமையால் அல்ல, எதிர்த்தரப்பின் பேராசையால். எச்.264-க்கு அடுத்த தலைமுறையாக 2013-ல் வந்த எச்இவிசி-க்கு உரிமத் தொகை வசூலிக்க ஒரு கூட்டமைப்பு போதவில்லை. எம்பெக் எல்ஏ-வுக்குப் பின் எச்இவிசி அட்வான்ஸ், அதன்பின் வெலோஸ் மீடியா. எந்தக் கூட்டிலும் சேராத காப்புரிமைதாரர்கள் தனி. எச்இவிசி அட்வான்ஸ் தொடக்கத்தில் காணொளி வருவாயிலேயே 0.5% பங்கு கேட்டது. நெட்ஃபிளிக்ஸும் அமேசானும் கணக்குப் போடாமல் இருக்குமா?

2015 செப்டம்பரில் இவ்விரு நிறுவனங்களோடு கூகுள், மொஸில்லா, சிஸ்கோ, இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகியவையும் கைகோத்துக் கூட்டணி அமைத்தன. கூகுளின் விபி10, சிஸ்கோவின் தோர், மொஸில்லாவும் ஸிஃப் அமைப்பும் வளர்த்த டாலா ஆகியவற்றின் உத்திகள் ஒன்றுகலந்து 2018 மார்ச்சில் உரிமத் தொகை இல்லாத ஏவி1 கோடெக் வெளியானது. அதே ஆண்டின் தொடக்கத்தில், எச்.264, எச்இவிசி தரங்களை வகுத்ததில் பங்குள்ள எம்பெக் குழுவை நிறுவிய லியோனார்தோ கியாரிலியோனே, தம் குழுவின் பழைய வணிக முறை உடைந்துபோனதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

ஆப்பிளும் கூட்டணிக்குள் வந்தது. ஆனால், ஐபோனில் ஏவி1-க்கான சிப் வசதி 2023-ல்தான், அதுவும் 15 புரோ வகையில் மட்டும் கிடைத்தது. சிப் விஷயத்தில் எல்லாமே மெதுவாகத்தான் நகரும்.

இதற்கிடையே, ஏவி1-லும் தன் தரப்பினரின் காப்புரிமைகள் இருப்பதாகச் சொல்லி 2019-ல் சிஸ்வெல் நிறுவனம் கட்டணக் கூட்டமைப்பை அறிவித்தது. கூட்டணியும் தற்காப்பு நிதியோடு நிற்கிறது. தனியொரு நிரலாளரோ சிறு காணொளித் தளமோ ஏவி1-ஐ இலவசமாகப் பயன்படுத்த முடிவது பெரிய லாபம்தான். அந்த லாபம் நீடிப்பதோ, கொள்கையைவிட அந்தப் பெருநிறுவனங்களின் வழக்கறிஞர்களைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது.