எட்டாவது சர்வர்

நம் மென்பொருள் பொறியியல் பாடத்திட்டங்களில் 'வெளியீடு' என்பது பெரும்பாலும் கடைசி அலகின் கடைசிப் பக்கத்தில் வந்து போகும் ஒரு சொல். தேவைப் பகுப்பாய்வுக்கும் வடிவமைப்புக்கும் சோதனைக்கும் வாரக்கணக்கில் நேரம் ஒதுக்கும் நாம், எழுதி முடித்த நிரல் பயனரைச் சென்றடையும் வழியைக் கரும்பலகையில் ஓர் அம்புக்குறியால் கடந்துவிடுகிறோம். அந்த அம்புக்குறியை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் உருவாக்கக் குழுவுக்கும் இயக்கக் குழுவுக்கும் இடையிலான பூசல் தானாகத் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கையின் ஒரு பாதி சரி. மறுபாதியைக் குறித்தே இப்பதிவு.

பூசலின் வேர் எளியது. புதிய வசதிகளை விரைந்து தருவதற்காக உருவாக்குவோர் மதிப்பிடப்படுகின்றனர். சேவை தடையின்றி ஓடுவதற்காக இயக்குவோர் மதிப்பிடப்படுகின்றனர். முன்னவரின் வெற்றி பின்னவரின் கண்ணுக்கு ஆபத்தாகவே தெரியும். 2009இல் வெலாசிட்டி மாநாட்டில் ஃபிளிக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் தாங்கள் ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளைச் செய்வதாக அறிவித்தபோது அரங்கம் வியந்தது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பாட்ரிக் டெபோய் கூட்டிய சந்திப்பிலிருந்து 'டெவ்ஆப்ஸ்' என்னும் பெயர் பரவியது. ஃபிளிக்கர் உரை கருவிகளைப் பேசிய அளவுக்கு, இரு குழுக்களும் ஒருவரையொருவர் மதிப்பதையும் பழி சுமத்தாதிருப்பதையும் பேசியது. நாம் கருவிகளை மட்டும் வாங்கி வந்தோம்.

கருவி எதுவரை உதவும், எங்கே கைவிடும் என்பதைக் காட்ட நைட் கேப்பிட்டல் நிகழ்வைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய இந்த நிறுவனம், நியூயார்க் பங்குச் சந்தையின் புதிய திட்டம் ஒன்று 2012 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்ததால், தன் ஆணை அனுப்பும் மென்பொருளை மாற்றியது. புதிய நிரலை எட்டு சர்வர்களில் நிறுவ வேண்டும். பணியாளர் ஒருவர் கையால் நகலெடுத்தார். ஏழில் முடித்தார், ஒன்று விடுபட்டது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து வடிவ விதி எதுவும் அங்கு இல்லை.

விடுபட்ட அந்த சர்வரில் 2003 முதல் பயன்பாட்டில் இல்லாத 'பவர் பெக்' என்னும் பழைய நிரல் நீக்கப்படாமல் கிடந்தது. அதை இயக்குவதற்கு முன்பு பயன்பட்ட அடையாளக் குறியையே புதிய நிரலுக்கும் மீண்டும் எடுத்தாண்டிருந்தனர். சந்தை திறந்ததும் ஏழு சர்வர்கள் புதிய நிரலை ஓட்டின. எட்டாவது, உறங்கிக் கிடந்ததை எழுப்பியது. கேட்ட பங்குகள் கிடைத்துவிட்டனவா என்று எண்ணி நிறுத்தும் பகுதியை 2005இலேயே வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால், பழைய நிரலுக்கு நிற்கத் தெரியவில்லை. வாடிக்கையாளரின் 212 ஆணைகள் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 இலட்சம் பரிவர்த்தனைகளாகப் பெருகின. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் இன்னொன்றுடன் இணைக்கப்பட்டது.

தன்னியக்க வெளியீட்டை ஆதரிப்போர் வழக்கமாகக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவர். எட்டு சர்வர்களிலும் ஒரே நிரல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு கட்டளைக் கோப்பு போதுமே என்பர். உண்மைதான், அந்த அளவுக்கு நானும் அவர்கள் பக்கமே. ஆனால் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் 2013 உத்தரவில் வேறு இரு செய்திகள் உள்ளன. அன்று காலை சந்தை திறக்கும் முன்னரே 'பவர் பெக்' பெயரைச் சுட்டிய 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர் குழு ஒன்றுக்குச் சென்றிருந்தன. அவை எச்சரிக்கைகளாக வடிவமைக்கப்படாதவை. பொதுவாக அவற்றை எவரும் படிப்பதில்லை. இரண்டாவது இன்னும் கசப்பானது. கோளாறைச் சரிசெய்யும் பதற்றத்தில், சரியாக இயங்கிய ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். அங்கேயும் பழைய நிரல் விழித்துக்கொண்டது.

97 அஞ்சல்களை அனுப்பியதும் இயந்திரமே. அவற்றின் பொருளை அறிந்தவரும் அவற்றைப் பெற்றவரும் ஒருவராக இல்லை. பின்வாங்கும் முடிவை எடுத்தோருக்கு, பின்வாங்கினால் எந்த நிலைக்குத் திரும்புவோம் என்ற அறிவு அந்த நேரத்தில் கைவசம் இல்லை. நகலெடுப்பதை மட்டும் தானியக்கமாக்கியிருந்தால் அந்த ஒரு தவறு தடுக்கப்பட்டிருக்கும். இந்த அறிவுப் பிளவு அடுத்த வெளியீட்டுக்காகக் காத்திருக்கும்.

தன்னியக்கம் தவறையும் சம வேகத்தில் பரப்பும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பு ஒன்று சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அதை அவர்கள் திரும்பப் பெற எடுத்தது 78 நிமிடங்களே, ஆனால் அன்று நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதும் நிலை வந்துவிட்டது. முதலில் சிறு தொகுதிக்கு அனுப்பி, கவனித்து, பின்னரே விரிவாக்குவது என்னும் இயக்கக் குழுக்களின் பழைய எச்சரிக்கை அந்தப் பாதையில் கட்டளையாக எழுதப்படவில்லை.

இந்தியச் சூழலில் இச்சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. செயலியை உருவாக்குவது ஒரு ஒப்பந்ததாரர், சர்வர்களைப் பராமரிப்பது இன்னொருவர் என்ற ஏற்பாடு நம் பெரு நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் புதிதன்று. இரு ஒப்பந்தங்களிலும் அபராத விதிகள் தனித்தனியே இருக்கும். பழுது நேர்ந்தால் காரணத்தைத் தேடும் முன்பே, பழுது யாருடையதன்று என்பதை நிறுவுவதில் இரு தரப்பும் முனையும். இதற்கு நடுவே 'டெவ்ஆப்ஸ் குழு' என ஒன்றை அமைத்து, வெளியீட்டுக் கருவிகளை அதனிடம் விட்டுவிடுகின்றனர். இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடிக்க வந்தவர்களுக்கு மூன்றாவதாக ஓர் அறை கட்டிக் கொடுத்த கதைதான். இரவுப் பணியில் அமர்ந்திருக்கும் இயக்கப் பொறியாளருக்கு அந்தக் கட்டளைக் கோப்பைத் திருத்தும் உரிமை கிடையாது. பல இடங்களில் படிக்கும் உரிமைகூட இல்லை. அதிகாலை மூன்று மணிக்குத் தொலைபேசி ஒலித்தால் எடுக்க வேண்டியவர் மட்டும் அவர்தான்.

வேகமும் நிலைத்தன்மையும் ஒன்றுக்கொன்று பகை என்ற பழைய கருத்தை நிக்கோல் ஃபார்ஸ்கிரனும் சக ஆய்வாளர்களும் ஆய்வுகளின் வழி மறுத்துள்ளனர். 2018இல் வெளிவந்த 'ஆக்சிலரேட்' நூலின் மையம் அதுவே. அடிக்கடி வெளியிடும் நிறுவனங்கள் பழுதிலிருந்து விரைவாக மீள்வதையும் அவர்கள் கண்டனர். அவ்வாய்வுகள் பெரும்பாலும் கருத்துக்கணிப்பைச் சார்ந்தவை என்ற முறையியல் தயக்கம் எனக்கு உண்டு. ஆயினும் சிறு சிறு மாற்றங்களாக வெளியிட்டால் பழுதின் காரணத்தைக் கண்டறிவது எளிது என்பதற்குப் புள்ளியியல்கூடத் தேவையில்லை. ஆயிரம் வரி மாற்றத்தில் பிழை தேடிய எவரும் அறிவர்.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் ஒரு முன்மொழிவு. இறுதியாண்டுத் திட்டப்பணியில், ஒரு குழு எழுதிய மென்பொருளை வேறொரு குழு இரண்டு வாரம் இயக்கட்டும். வெளியீட்டுக் கட்டளைக் கோப்பை இரு குழுக்களும் சேர்ந்து எழுதட்டும். அதன் ஒவ்வொரு மாற்றத்திற்கும் இரு தரப்பின் ஒப்புதலும் வேண்டும். வாய்மொழித் தேர்வில் மென்பொருள் ஓடுவதைக் காட்டச் சொல்வதோடு, முந்தைய பதிப்புக்குத் திரும்பிக் காட்டவும் சொல்லுங்கள். திரும்பிய பின் தரவுத்தளம் எந்த நிலையில் உள்ளது என்று எழுதிய குழுவை விட்டுவிட்டு, இயக்கிய குழுவிடம் கேளுங்கள். இதற்கு விலைமிகு கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆய்வகத்தில் இருக்கும் இரண்டு பழைய கணினிகளும் கிட்டும் போதும். மதிப்பெண் பகிர்வை எப்படி அமைப்பது என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. இதை வகுப்பில் முயன்றவர்கள் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.