அவள் சொன்ன அலர்ஜி

எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் நாலு பெண்கள் குடியிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இப்போது எந்தத் தெருவில் நுழைந்தாலும் இதே கதைதான். இரண்டு அறை மிச்சம் இருந்தால் போதும், ஒரு ஃபேனை மாட்டி, கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டுவிடுகிறோம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி அரசாங்கம் விடுதி திறந்தபோது, "போச்சு, நம்ம மாடி காலிதான்" என்று என் வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். காலியாகவில்லை. இன்னும் ஒரு அறை கட்டினாலும் ஆள் வரும்.

நாலு பேரில் ஒருத்திக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். பி.ஏ. தமிழ் படித்துவிட்டு, சுங்குவார்சத்திரம் அருகே ஒரு கம்பெனியில் செல்போனுக்குள் பொடிப் பொடியாக ஏதோ பொருத்துகிறாள். (தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவள் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான்.)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடாம் காயப் போட மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர் டேங்க் நிழலில் இந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். புதுச் சுடிதார், தலையில் பூ, கையில் பை. மணி பன்னிரண்டு. காலையில் பத்து மணிக்கு நான் கீழே கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனபோதே இதே கோலத்தில் படியில் நின்றிருந்தாள்.

"எங்கேம்மா கிளம்பினே? இன்னும் போகலையா?"

"போகலக்கா. அலர்ஜி."

உடம்பு சமாச்சாரம் எழுதுகிறவளுக்கு இந்த வார்த்தை காதில் விழுந்தால் கேட்க வேண்டுமா? "என்ன சாப்பிட்டே? இறாலா? தடிப்பு எதாவது வந்திருக்கா, கையைக் காட்டு" என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் சிரித்தாள். அப்புறம் கண் கலங்கினாள்.

"அந்த அலர்ஜி இல்லக்கா. அலர்... ஜி."

தமிழ் படித்தவளாயிற்றே! எனக்குப் பாடமே எடுத்தாள். சங்கப் பாட்டில் ஒரு பெண்ணும் ஆணும் பழகுவது தெரிந்து நாலு பேர் தமக்குள் முணுமுணுத்தால் அதற்கு அம்பல் என்று பேராம். அது மொட்டு மாதிரி. அதுவே ஊர் முழுக்க வாய்விட்டுப் பேசினால் அலர். பூத்துவிட்டது என்று அர்த்தம். திருக்குறளில் 115-ஆம் அதிகாரமே அலர் அறிவுறுத்தல்தான். அந்த அலரோடு ஒரு "ஜி" சேர்த்து, இவளாக ஒரு வியாதி கண்டுபிடித்திருக்கிறாள். கூட இருக்கிற பெண்களுக்குள் இப்போது இந்த வார்த்தைதான் புழக்கமாம். "அவளுக்கு இன்னிக்கு அலர்ஜி ஜாஸ்தி" என்றால் போதும், புரிந்துகொள்வார்களாம்.

விஷயம் இவ்வளவுதான். ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பையன். எட்டு மாதமாகப் போனில் பேச்சு. டேட்டிங் என்று பட்டணத்தில் சொல்வதை எங்கள் ஊரில் "பேசிக்கிட்டிருக்காங்க" என்றுதான் சொல்லுவோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜூஸ் கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசலாம், வா என்று கூப்பிட்டிருக்கிறான். மூன்று ஞாயிறும் கிளம்பி, மூன்று ஞாயிறும் இந்த டேங்க் நிழலோடு சரி. உள்ளங்கை வேர்த்துக் கொட்டுகிறதாம், வயிற்றைக் கலக்குகிறதாம். ரோட்டில் டி.என். 25 என்று திருவண்ணாமலை நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே சித்தப்பா வண்டியோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம்.

சகோதரிகளே, அலர்ஜி என்ற அசல் வார்த்தையும் ஒருத்தர் உண்டாக்கியதுதான். வியன்னாவில் குழந்தை வைத்தியம் பார்த்த கிளெமென்ஸ் வான் பிர்கே என்ற டாக்டர், 1906-இல் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதைச் செய்தார். ஒரு தீங்கும் செய்யாத தூசியையோ, வேர்க்கடலையையோ உடம்பு எதிரி என்று தப்பாக எண்ணி யுத்தத்துக்குக் கிளம்புகிறதே, அதற்குத்தான் இன்று அந்தப் பெயர். பயத்துக்கும் இப்படிக் கிரேக்கத்தில் பெயர் வைக்கிறவர்கள் உண்டு. காதலுக்குப் பயந்தால் ஃபிலோஃபோபியா, கல்யாணத்துக்குப் பயந்தால் காமோஃபோபியா. கேட்கப் பெரிசாக இருக்கிறது. மனநல டாக்டர்கள் இப்படி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வியாதி என்று சீட்டு எழுதுவதில்லை. இருக்கிற ஆபத்துக்குப் பொருந்தாத அளவு பயம், அது பல மாதம் விடாமல் இருந்து அன்றாட வேலையைக் கெடுக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

உடம்பில் நடப்பது எல்லாப் பயத்துக்கும் ஒன்றேதான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்த மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கிறது. பயந்தால் அது அட்ரினலினைக் கொட்டும். நெஞ்சு வேகமாக அடிக்கும், கை வேர்க்கும், ஜீரணம் தடைப்பட்டு வயிறு புரளும். ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. ஜூஸ் கடைக்குப் போக இவ்வளவு தளவாடம் எதற்கு? அதிலும், போகாமல் இருந்துவிட்ட உடனே ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அங்கேதான் வினை. "போகலை, அதனால தப்பிச்சேன்" என்று மனசு கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் பயம் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் வரும். அதனால் ஒரேயடியாக ஒதுங்காமல், சின்னச் சின்னப் படியாகப் பழகச் சொல்லுவார்கள்.

இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். ரொம்ப விவரமாகச் சொன்னதாக எனக்கே ஒரு பெருமை.

அவள் பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "தூசி தீங்கு செய்யாதுன்னு சொன்னீங்க இல்ல? நிஜமாவே தீங்கு செய்யறதா இருந்தா, அதுக்குப் பேரு என்னக்கா?"

வடாம் துணியை உதறிக்கொண்டே நின்றேன். வாய் வரவில்லை.

"அவங்க வேற ஆளுங்கக்கா" என்றாள் மெதுவாக.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பட்டப்பகலில், நடு ரோட்டில் நடந்த வெட்டை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதுதான் அந்த இரண்டு பேர் செய்த குற்றம். அவன் செத்தான், அவள் காயத்தோடு பிழைத்தாள். அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணிடம் போய் "உன் பயம் அர்த்தமில்லாதது" என்று எந்த வாயால் சொல்வது? வயசு வந்த இருவர் மனமொத்துக் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. சட்டம் பக்கத்தில் இருக்கிறது, வாஸ்தவம். சித்தப்பா அதைவிடப் பக்கத்தில் இருக்கிறாரே!

அவள் நினைப்பு கல்யாணம் வரைகூடப் போகவில்லை. "பார்த்துட்டாங்கன்னா மறுநாளே வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. வேலை போயிடும். அவ்வளவுதான்" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இதை இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

2012. நோக்கியா ஓடிக்கொண்டிருந்த காலம். 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். அந்தக் கம்பெனியை நம்பித்தான் எங்கள் தெருவில் பல பேர் மாடி எழுப்பினோம். அப்போது மாடியில் இருந்த ஒரு பெண்ணை, காந்தி ரோட்டில் ஒரு பையனோடு பைக்கில் போகப் பார்த்தேன். அவள் அம்மா போன் செய்தபோது, "வயசுப் பொண்ணு, கொஞ்சம் கவனிச்சுக்குங்க" என்று ஒரே ஒரு வரி சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் மாமனும் அண்ணனும் வந்தார்கள். அவள் பக்கெட்டையும் பாயையும் தூக்கிக்கொண்டு படி இறங்கினபோது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாதச் சம்பளம்கூட வாங்கவில்லை. அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளைக்கு அவளைவிடப் பதினாலு வயசு கூட. பைக் ஓட்டியவன் யார், எப்படிப்பட்டவன் என்று நான் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அம்பல் என்ற வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே அந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

அதனால் இந்தத் தடவை கேட்டேன். "பையன் எந்த ஊர்? கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தியா? கல்யாணம் ஆனவனா, விசாரிச்சியா? பணம் கேட்டானா? போட்டோ அனுப்பச் சொன்னானா?" ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பணம் கேட்கவில்லை, இவள்தான் ஒரு தடவை இருநூறு ரூபாய் வாங்கித் திருப்பித் தந்தாளாம். முன்பின் தெரியாதவனானால் ஜூஸ் கடை மாதிரி நாலு பேர் நடமாடுகிற இடம்தான் நல்லது, கூட ஒரு தோழிக்காவது சொல்லிவிட்டுப் போவது அதைவிட நல்லது. ராத்திரி தூக்கம் கெடுகிற அளவு பயம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்று ஆனால் 181. இரண்டையும் அவள் போனில் நானே பதிந்து கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவனை எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வரச் சொன்னேன். வீட்டுக்காரர் "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பையன் வந்தான். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. காபி டம்ளர் சாஸரில் தாளம் போடுகிறது! இவனுக்கும் அதே அலர்ஜிதான் போலிருக்கிறது. இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தான். பாதி நேரம் என்னிடம் எங்கள் வீட்டு முருங்கையைப் பற்றிப் பேசினான். கேட் சாத்தும்போது அவள் சிரித்த சத்தம் உள்ளே கேட்டது. என்ன முடிவு எடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். இன்னும் ஆளைச் சரியாகப் பார்க்கவே இல்லையே.

ராத்திரி எட்டரைக்கு வழக்கம்போல அவள் அம்மாவிடமிருந்து போன். ஞாயிறு தவறாது.

"பிள்ளை ஒழுங்கா இருக்குதாக்கா?"

மாடியில் அவள் தண்ணீர் பிடிக்கிற சத்தம் நின்றது.

"இருக்கா. ராத்திரியில சரியாச் சாப்பிடறதில்ல, அதை மட்டும் கேளுங்க" என்றேன்.