வாக்குக் கேட்கும் முன்



வடகரைக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே எழுந்த கல்லூரித் தேர்தல் வழக்கில்தான், லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நாடெங்கும் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22ஆம் நாள் ஆணையிட்டது. அதன்படி, வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். தேர்வில் அரியர் கூடாது. செலவு 5,000 ரூபாயைத் தாண்டலாகாது. இரு வாரத்திற்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அச்சிட்ட சுவரொட்டிக்கு இடமில்லை.

“பதவியை நாமாகக் கேட்பது தகுமா?” எனப் பெற்றோர் தயங்குவது இயல்பே. பதவியாசையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஆயினும், பஞ்சம் வருமுன் களஞ்சியப் பொறுப்பை யூசுஃப் (அலை) அவர்கள் தாமே கேட்டார்கள். காக்கும் நேர்மையும் அத்துறை அறிவுமே அவர்கள் முன்வைத்த தகுதிகள். ஆசையா, தகுதியா என்பதே கேள்வி.

ஆகவே, பிள்ளையைத் தடுக்காதீர்கள். மூன்று வினாக்கள் கேளுங்கள். விடுதி உணவு, பேருந்து, நூலகம் — எக்குறையைத் தீர்க்க நிற்கிறாய்? செலவழிக்கும் பணம் யாருடையது? தோற்றால், வென்றவரோடு ஒரே வரிசையில் அமர்வாயா? மூன்றுக்கும் தயங்காது விடை சொன்னால், மகனாயினும் மகளாயினும் துஆச் செய்து அனுப்பி வையுங்கள்.