366ஆம் நாள் பிறந்தவர் எங்கே போவார்?

"பிறந்த திகதி தவறானது." இணையப் படிவத்தில் சிவப்பு எழுத்தில் இந்த வரி வந்தால், நாம உடனே அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். பிழை நம்மிடம்தான் என்று யார் சொன்னது?

12 இலக்க அட்டையை எடுத்துப் பாருங்க. முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள்தான். 2003 லீப் வருடம் இல்லை. இருந்தும் அந்த வருடம் மார்ச் 1இல் பிறந்த பையனுக்கு 061 வரும், 060 வராது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் புரோகிராம் எழுதுபவர், கணினி மொழியோடு வரும் சாதாரண நாட்காட்டியை அப்படியே போட்டுவிடுகிறார். அது 061ஐ மார்ச் 2 என்று வாசிக்கும். டிசம்பர் 31இல் பிறந்தவருக்கு 366. அந்த நாட்காட்டியின் 2003இல் அப்படி ஒரு நாளே கிடையாது. ஒன்று பிழை காட்டும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் 2004 ஜனவரி 1க்குத் தள்ளிவிடும். ஜனவரியில் பிறந்த நண்பரின் இலக்கத்தைப் போட்டுச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

"ஒரு நாள் வித்தியாசம்தானே, ரெண்டு வரியில் திருத்தலாம்" என்பார்கள். அவ்வளவு லேசு என்றால் ஏன் முதலிலேயே செய்யவில்லை? லுணுகலைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவுக்கு அந்த ஒரு நாள் என்பது ஒரு பேர், பஸ் காசு, பிரதேச செயலகத்தில் ஒரு வரிசை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்க 2003இல்தான் சட்டம் வந்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்காக அலைந்த சனத்திடம், சரியான அட்டை கையில் இருக்கும்போதே "உங்கள் திகதி தவறு" என்பது சின்ன விஷயமா?

கணினி படிக்கும் நண்பர்களே, நான் கலைப்பீடம்தான். ஆனாலும் கேட்பேன். பெப்ரவரிக்கு 29 நாள் வைத்து எண்ணுங்க. மார்ச் 1, டிசம்பர் 31 இரண்டையும் போட்டுச் சோதியுங்க. திகதி பொருந்தாவிட்டால் நீங்களாக ஊகித்து மாற்றாதீங்க. இரண்டு திகதியையும் தமிழில் காட்டி எது சரி என்று கேளுங்க.

மற்றவர்களுக்கு ஒன்று: சிவப்பு வரியைப் பார்த்ததும் அட்டையைத் திருத்த ஓடாதீங்க. முதலில் நாளை நீங்களே எண்ணிப் பாருங்க.