பெட்டி ஊருக்கு வேணும், வீட்டுக்கு வீடு வேணாம்

"சிசிஎன்ஏ செய்யப் போறியா தம்பி? அப்ப முதல்ல வீட்டுல ஒரு லேப் போடு." ஏ.எல் முடித்துவிட்டு கட்டாருக்கோ சவூதிக்கோ போகிற யோசனையில் இருக்கிற மருதமுனைப் பொடியனை இந்தப் புத்திமதி தேடி வரும். சொல்கிறவர் லீவில் வந்த காக்காவாக இருக்கலாம், கிளாஸ் நடத்துகிறவராக இருக்கலாம், பாவிச்ச சாமான் விற்கிறவராகவும் இருக்கலாம். லேப் எண்டால் பழைய சிஸ்கோ ரவுட்டர் மூன்று, சுவிட்ச் மூன்று, ஒரு கட்டு கேபிள். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு விலை. அந்த விலையைக் கட்ட உம்மாவின் காப்பு அடகுக்குப் போகும், இல்லாட்டி வாப்பா வெளிநாட்டில் உழைத்த காசு போகும்.

நாங்கள் இந்தப் புத்திமதிக்கு எதிர். பெட்டிக்கு எதிர் இல்லை. பழைய பெட்டியில் கைவைத்துப் படிப்பது நல்லது. ஆனால் அது ஒவ்வொரு வீடும் கடன்பட்டு வாங்க வேண்டிய சாமான் இல்லை. ஊருக்கு ஒரு செட் போதும், அதையும் பார்த்து வாங்க வேணும்.

"கலைப்பீடத்துப் புள்ளைகளுக்கு இதுல என்ன கதை?" எண்டு கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். பட்டத்தோடு சேர்த்து இந்தப் பரீட்சைக்கும் படிக்கிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். பட்டம் முடிந்தால் வேலை வரும் எண்டு எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. அதனால் இது எங்கட கதையும்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சிசிஎன்ஏ பரீட்சைக் கட்டணம் 300 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அறுபதாயிரமாக இருந்த கட்டணம் ரெண்டே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. டொலரை 300 ரூபாய் எண்டு வைத்தாலும் 90,000 ரூபாய். பாஸ் பண்ணினாலும் சான்றிதழ் மூன்று வருசத்துக்குத்தான் செல்லும். தவறினால் மறுபடி முழுக் காசு. பெட்டிக்குக் காசைக் கொட்டிவிட்டு பரீட்சைக்குக் காசில்லாமல் நிற்கிற நிலை இங்கேதான் தொடங்குகிறது. பரீட்சைக் காசை ஒதுக்கி வைக்காத எவரும் பெட்டிக்கு விலை கேட்கவே கூடாது எண்டு நாங்கள் சொல்கிறோம்.

அடுத்தது, பரீட்சை என்ன கேட்கிறது? 2020 பெப்ரவரி 24இல் இருந்து சிசிஎன்ஏக்கு 200-301 எண்ட ஒரே பரீட்சைதான். அதில் ரவுட்டிங் உள்ள பகுதிக்கு 25 வீதம், சுவிட்சும் வயர்லஸும் உள்ள பகுதிக்கு 20 வீதம், அடிப்படைக்கு 20 வீதம், பாதுகாப்புக்கு 15 வீதம், ஐபி சேவைகளுக்கு 10 வீதம், ஓட்டோமேஷனுக்கு 10 வீதம். பழைய பாடத்திட்டத்தில் இருந்த ஈஐஜிஆர்பி, பிபிபி எல்லாம் போய்விட்டன. ரவுட்டிங் புரோட்டோகோல் எண்டு கொன்பிகர் பண்ணக் கேட்பது ஓஎஸ்பிஎஃப் ஒண்டைத்தான். ஆனால் "சிசிஎன்ஏ கிட்" எண்டு விற்கிற கட்டுகளில் இன்னும் சீரியல் கார்ட்டும் அதுக்கான தடித்த கேபிளும் வருகின்றன, விலையிலும் ஏறுகின்றன. போன பாடத்திட்டத்தின் மிச்சத்தை இந்த வருசத்துப் புள்ளையின் தலையில் கட்டுகிற வியாபாரம் இது. அதே கட்டில் வயர்லஸ் கொன்ட்ரோலர் இருக்காது, ஓட்டோமேஷனுக்கு உதவுகிற ஒண்டும் இருக்காது.

இந்தப் பாடத்தில் கொன்பிகர் பண்ணிப் பழக வேண்டியவற்றில் பெரும்பகுதியை பெக்கெட் டிரேசரில் பழகலாம். சிஸ்கோவின் நெட்வேர்க்கிங் அக்கடமியில் ஒரு கணக்குத் திறந்தால் அது இலவசம், சாதாரண லெப்டொப்பில் ஓடும். வீலான், டிரங்க், ஸ்பேனிங் ட்ரீ, ஓஎஸ்பிஎஃப், அக்சஸ் லிஸ்ட் எல்லாம் அதில் செய்யலாம். இருபது ரவுட்டரை இழுத்துப் போட்டாலும் கரண்ட் பில் ஏறாது. இன்னும் ஆழமாகப் போக வேணும் எண்டால் சிஸ்கோ மொடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பு இருக்கிறது. அதில் ஒரே நேரத்தில் ஐந்து நோட் ஓட்டலாம், மெமரி கூடின லெப்டொப் வேணும். ஜிஎன்எஸ்3யும் இலவசம்தான். ஆனால் அதுக்குள் ஓடுகிற சிஸ்கோ ஐஓஎஸ் கோப்பு இலவசம் இல்லை. இதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள், வட்ஸ்அப் குறூப்பில் லிங்க் அனுப்புகிறவர்களும் சொல்ல மாட்டார்கள்.

அப்ப பெட்டியே வேணாமா? வேணும். சொப்ட்வெயாரில் கேபிள் கழராது, தூசி அடையாது, யாரோ போட்ட பாஸ்வேர்ட் குறுக்கே நிற்காது. கன்சோல் கேபிளைக் குத்தி, யூஎஸ்பி எடப்டரின் டிரைவரோடு மல்லுக்கட்டி, புட்டியில் 9600 வேகம் வைத்து, திரையில் முதல் எழுத்து வருகிற வரைக்கும் காத்திருப்பது தனிப் படிப்பு. ஆர்ஜே45 தலையைக் கிரிம்ப் பண்ணி, எட்டுக் கம்பியில் ஒண்டு மாறினதால் லைட் எரியாமல் போனதைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். தோஹாவில் ஒரு சர்வர் அறைக்குள் தனியாக விட்டால் கை நடுங்காமல் இருக்க இந்தப் பழக்கம் வேணும். ஆனால் இதைப் பழகச் சில வாரம் போதும். சில வாரப் பழக்கத்துக்கு வாழ்நாள் பெட்டி எதுக்கு?

ஆகவே வாங்குகிறதானால் இப்படிப் பார்த்து வாங்குங்கள். சுவிட்ச் எண்டால் கெட்டலிஸ்ட் 2960. அதை விட மலிவாக 2950 கிடைக்கும், அதை விட்டுவிடுங்கள். ஐபிவி6 அதுக்குத் தெரியாது. வீட்டில் சத்தம் தொல்லை எண்டால் 2960இல் எட்டுப் போர்ட் உள்ள, ஃபேன் இல்லாத மொடல் இருக்கிறது. காசு கொஞ்சம் கூட இருந்தால் ஒண்டை 3560ஆக எடுக்கலாம், வீலான்களுக்கு இடையில் ரவுட்டிங்கும் செய்யும். ரவுட்டரில் 1841 எண்டு நிறையக் காட்டுவார்கள். அது 2004இல், எங்கட கரையைச் சுனாமி அடித்த வருசத்தில், சந்தைக்கு வந்த சாமான். ஓஎஸ்பிஎஃப் பழக இன்னும் உதவும், ஆனால் அந்த வயசுக்குரிய விலைதான் குடுக்க வேணும். 1941 அல்லது 2901 கிடைத்தால் நல்லது.

பவர் போட்டு முழுதாக பூட் ஆகிற வரை பார்க்காமல் காசு குடுக்க வேணாம். 'ஷோ வேர்ஷன்' அடித்து ஐஓஎஸ் பதிப்பு, மெமரி, ஃபிளாஷ் மூன்றையும் பாருங்கள். 'ஷோ இன்வென்டரி' காட்டுகிற இலக்கமும் பெட்டியில் ஒட்டியிருக்கிற இலக்கமும் ஒண்டா எண்டு பாருங்கள். ஒரே கேபிளை ஒவ்வொரு போர்ட்டாகக் குத்தி லைட் எரிகிறதா பாருங்கள். பாஸ்வேர்ட் போட்ட பெட்டிக்குப் பயப்பட வேணாம், அதை எடுக்கிறதே ஒரு பாடம். பயப்பட வேண்டியது ஃபிளாஷ் அழிந்த பெட்டிக்கு. ஐஓஎஸ் கோப்பை சிஸ்கோவிடம் இருந்து இறக்க சேவை ஒப்பந்தம் வேணும். "அதை ஒன்லைன்ல எடுக்கலாம் தம்பி" எண்டு சொல்கிறவரிடம், "அப்ப நீங்களே போட்டுத் தாங்க காக்கா" எண்டு சொல்லுங்கள்.

விலையோடு செலவு முடியாது. ஒரு பெட்டி 50 வாட் இழுக்கும் எண்டு வைப்போம். ஆறு பெட்டி நாலு மணித்தியாலம் ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதம் 36 யூனிட். இங்கே வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. அறுபதுக்குள் நின்ற வீடு இந்த 36 யூனிட்டால் மேல் படிக்குப் போகும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறினபோது ஃபேனை நிப்பாட்டிப்போட்டுப் படுத்த வீடுகள் எங்கட ஊரில் இருந்தன.

"இன்டர்வியூவுல கைவேலை கேப்பாங்க, சொந்த லேப் இருந்தாத்தான் மதிப்பு" எண்டு ஒரு வாதம் இருக்கிறது. கைவேலை கேட்பார்கள், உண்மை. பெட்டி யாருடைய பேரில் இருக்கிறது எண்டு கேட்க மாட்டார்கள். மருதமுனைக்குச் சாரனாலும் சாரியாலும் பேர் வந்தது. தறி வீட்டில் இருந்ததுக்கு நியாயம் இருந்தது, அது உழைத்துத் தந்தது, தன்ர விலையைத் தானே மீட்டது. பரீட்சை முடிந்ததும் ரவுட்டர் கட்டிலுக்குக் கீழே போகும். பிறகு அரை விலைக்கு அடுத்த பொடியனின் தலையில் ஏறும்.

நாங்கள் கேட்பது இதுதான். மூன்று சுவிட்ச், ரெண்டு ரவுட்டர், ஒரு கிரிம்ப் செட், ஒரு பழைய லெப்டொப். பொது நூலகத்தில் ஒரு மேசை, இல்லாட்டி அல்-மனாரிலோ ஷம்ஸிலோ கொம்பியூட்டர் அறையில் ஒரு மூலை. ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை பிடிக்கிற எங்கட கழகங்களுக்கு இந்தக் காசு பெரிய காசா? லீவில் வருகிற காக்காமார் ஆளுக்கு ஒரு பெட்டிக் காசு தந்தால் முடிந்தது. புத்திமதியை விட அது பாரம் குறைவு.

அந்த லெப்டொப்பில் யூஎஸ்பி எடப்டர்களைக் குத்தி, பெட்டிகளின் கன்சோலை அதோடு இணைத்து, எஸ்எஸ்எச் திறந்துவிட்டால், நேர அட்டவணை போட்டு வீட்டில் இருந்தே எல்லாரும் பாவிக்கலாம். இதால் அதிகம் பயன்படப் போவது தங்கச்சிமார்தான். கல்முனையில் இரவு ஏழு மணிக் கிளாஸுக்கு ஒரு பொடியன் மோட்டர் சைக்கிளில் போவான். அவனோடு ஒண்டாகப் படித்த தங்கச்சிக்கு அந்த நேரத்தில் வீட்டுப் படி இறங்க ஏலாது. ஆறு பெட்டி வாங்கித் தரச் சொல்லி அவள் கேட்டால் "கலியாணத்துக்கு வெச்ச காசு" எண்டு பதில் வரும். ஊருக்குப் பொதுவாக லேப் இருந்தால் அவள் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நேரடியாகக் கைவைத்துப் பழக அந்த மேசையில் பெண்களுக்கெண்டு கிழமையில் ரெண்டு நாள் ஒதுக்க வேணும்.

அடுத்த முறை யாராவது "லேப் போடு தம்பி" எண்டு வந்தால் விலை கேட்க முதல் ஒண்டு கேளுங்கள்: "ஊருக்கு ஒண்டு போட நீங்க எவ்வளவு தருவீங்க?"