பிளக் ஏன் சுடுகிறது?

உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் 2,300 வாட் என்று இருக்கிறதா? நம் வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டால் வகுங்கள்: 10 ஆம்பியர் மின்னோட்டம். 230ஐ அந்த 10ஆல் வகுத்தால் கேத்தலின் மின்தடை 23 ஓம். அதே எக்ஸ்டென்ஷன் வயரில் 1,150 வாட் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால் இன்னும் 5 ஆம்பியர். ஆக மொத்தம் 15. பிளக்கின் ஃபியூஸோ 13 ஆம்பியருக்கானது. அது உடனே போய்விடாது. அதற்குள் வயர் சூடேறும்.

இன்னோர் ஆபத்து, தளர்ந்த பிளக். அங்கே அரை ஓம் தடை சேர்ந்தாலே 10 × 10 × 0.5; ஏறத்தாழ 50 வாட் வெப்பம் அந்தச் சிறு முனையில் தேங்கும். மின்னோட்டம் கூடாததால் ஃபியூஸ் கண்டுகொள்ளாது. சுவிட்சை அணைத்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால், உடனே மாற்றிவிடுங்கள்.